கவசம் கொடுத்தவர் தண்ணீரும் கொடுக்க வேண்டும்

ஆனி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று எழும்புவதற்குள் காற்றாலைக் காத்தாடிகளின் பராமரிப்பு வேலையை முடித்தாக வேண்டும். அதனால் வீரகேரளம்புதூர், சுரண்டை, ஊத்துமலை வட்டாரத்தில் இந்த வேலை பெரும்பாலும் பங்குனி, சித்திரை வெயிலில்தான் நடக்கிறது. ஹெல்மெட், கையுறை, உடம்பை இறுக்கிய ஹார்னஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஆள் இரும்புக் கோபுரத்துக்குள் ஏணி ஏறுகிறார். இடுப்பில் ஸ்பேனர் இருக்கிறது. தண்ணீர் கீழே வேனில் இருக்கிறது.

ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வண்டியின் காவலர் குண்டு துளைக்காத மேலங்கியோடு வெயிலில் நிற்கிறார். தேரோட்டத்துக்கு பந்தோபஸ்து வந்த காவலர், கலவரத் தடுப்புக் கவசத்தோடு காலை முதல் நிற்கிறார். இவர்கள் கையிலும் தண்ணீர் இல்லை. கவசம் கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு உயிரைக் குடிக்கும்.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கவசம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தின் வெப்ப வழிகாட்டி, ஈரப்பதமான வெயிலில் மேலங்கி போட்டவருக்கு, வெப்பமும் ஈரமும் சேர்த்து அளக்கும் அளவில் சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. பக்கத்தில் வெறும் சட்டையோடு நிற்பவருக்குத் தாங்கும் வெயில், கவசக்காரருக்குத் தாங்காது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தாகம் தெரியும்போதே உடம்பில் நீர் குறைந்துவிட்டிருக்கும்.

எவ்வளவு குடிப்பது? கடும் வெயில் வேலையில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர், அதாவது கால் லிட்டர். 4 மணி நேர வேலைக்கு 3 லிட்டராவது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொடுத்து அனுப்புவது கண்துடைப்பு. அதே நேரம், மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். வியர்த்துக் கொட்டும் நாளில் நடுவில் ஓஆர்எஸ் குடியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படியான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கரைத்துக் குடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது கெடுதல் செய்யும்.

தண்ணீரை எங்கே மாட்டுவது என்பதிலும் உயிர் இருக்கிறது. விழுந்தால் பிடித்து நிறுத்தும் கயிறு பெரும்பாலும் ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டப்படுகிறது. அந்த வளையத்தை மறைக்கும்படி தண்ணீர்ப் பையை முதுகில் கட்டாதீர்கள். பையைப் போட்டு அதன்மேல் ஹார்னஸை இறுக்கவும் செய்யாதீர்கள், வார் தளர்ந்துவிடும். பாட்டிலுக்குத் தனிக் கயிறு கட்டி, கருவிப் பையோடு மேலே ஏற்றுங்கள். கயிறு கட்டாயம். 80 மீட்டரிலிருந்து நழுவும் ஒரு லிட்டர் பாட்டில் தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே நிற்பவர் ஹெல்மெட்டை நம்பிப் பயனில்லை. ஹார்னஸின் லேபிளில் அச்சிட்ட எடை வரம்பில் உங்கள் எடை, கருவி, தண்ணீர் மூன்றும் அடங்க வேண்டும்.

குண்டு துளைக்காத மேலங்கிக்காரர்கள் தகடு செருகும் பையில் பாட்டிலைத் திணிக்கக் கூடாது. உள்ளிருக்கும் நெய்த அடுக்கில் நீர் இறங்கினால் தடுக்கும் வலு குறையலாம். ஈரம் படாமலிருக்கத்தான் அதற்கு உறை போட்டிருக்கிறார்கள், அந்த உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பை இருந்தால் நல்லது. ஆனால் தினமும் கழுவி உலர்த்தாவிட்டால் குழாயில் பூசணம் பிடிக்கும்.

இனி உரிமை. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்தில், 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலை தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குடிநீரும் கழிப்பறையும் முதலாளி செய்து தரவேண்டிய வசதிகள். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், வசதி செய்து தரும் கடமை முதன்மை நிறுவனத்துடையது. ‘காண்ட்ராக்டரிடம் கேள்’ என்று கம்பெனி கைகழுவ முடியாது. ஒவ்வொருவருக்கும் பணி நியமன ஆணை தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்தத் தாளை முதலில் கேட்டு வாங்குங்கள். ஏதாவது நேர்ந்துவிட்டால் ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்பதுதான் காண்ட்ராக்டர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு.

கழிப்பறையைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. பந்தோபஸ்தில் நிற்கும் பெண் காவலர்களும் பெண் செக்யூரிட்டிகளும் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள். சிறுநீர்த் தொற்று முதல் சிறுநீரகக் கல் வரை இதிலிருந்து வரலாம். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் கேன் வைத்துவிட்டு உரிமை கொடுத்ததாகச் சொல்லாதீர்கள்.

தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வது? வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். வேலை நடக்கும் இடம், தேதி, எத்தனை பேர், கம்பெனி பெயர், காண்ட்ராக்டர் பெயர் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முகவரி: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), தென்காசி மாவட்டம். தொழிற்சாலை வளாகமாக இருந்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகம். நகலை, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்குங்கள். ரசீது இல்லாத மனு, கொடுக்காத மனு. முதல்வரின் உதவி மையம் 1100. காவல்துறைக் காவலர்கள் அந்தத் தொகுப்புச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் சுழற்சி ஓய்வும் ஏற்பாடு செய்வது பந்தோபஸ்து அதிகாரியின் பொறுப்பு. கோயில் விழாக் கமிட்டியும் ஊராட்சியும் தண்ணீர்ப் பந்தலைக் கவசத்தோடு நிற்பவருக்கு எட்டும் தூரத்தில் போடட்டும்.

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போட்டு, பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலையை நிறுத்த வைக்கிறது. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயில் வேலைக்குத் தடை. கடையநல்லூரிலிருந்து வளைகுடா போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? அதிகாரிகள் பதில் சொல்லட்டும்.

ஆள் தடுமாறினால், பேச்சு குழறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் முதல் வேலை கவசத்தைக் கழற்றுவது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். கவசத்தோடு படுக்க வைத்து வாயில் சோடா ஊற்றும் பழக்கம் இன்றும் இருக்கிறது. வேண்டாம்.

உயிர் போய்விட்டால், சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: பிரேதப் பரிசோதனை செய்யாமல் அடக்கமோ தகனமோ செய்யாதீர்கள். ‘நெஞ்சுவலி’ என்று யாரோ சொல்லி, அன்று மாலையே காரியத்தை முடித்துவிட்டு, பிறகு குடும்பம் அலுவலகம் அலுவலகமாக அலைகிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்கு வெப்பமே காரணம் என்று மருத்துவச் சான்று வேண்டும். எரித்த பிறகு அந்தச் சான்றை யார் தருவார்?

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கவசத்தோடு, எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, நியமன ஆணை அல்லது சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், இவை ஒரே கோப்பில் இருக்கட்டும். நிவாரண மனு, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வீரகேரளம்புதூர் வட்டாட்சியருக்கு. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இந்த நிவாரணம் வேறு, முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. ஒன்று வாங்கினால் மற்றொன்று இல்லை என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். இஎஸ்ஐ பிடித்திருந்தால் அதன் கிளை அலுவலகத்துக்குப் போங்கள். பிடிக்கவில்லையென்றால் தொழிலாளர் துறையில் 2 ஆண்டுக்குள் இழப்பீடு கேளுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். எண் 15100.

மறுபடியும் சொல்கிறேன், பிரேதப் பரிசோதனை இல்லாமல் அனுப்பாதீர்கள். அந்த நிலை வராமலிருக்க, நாளைக் காலை வேனில் ஏறும்முன் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்: ஆளுக்கு எத்தனை லிட்டர், எங்கே வைத்திருக்கிறீர்கள்? பதில் வராவிட்டால் மேலே ஏறாதீர்கள்.