ரீமாஸ்டர், ரீமிக்ஸ், டீமிக்ஸ்: பீட்டில்ஸ் பாடல்களை ரசிகர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

வயர் உள்ள ஒரு இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யின் ஸ்டீரியோ பதிப்பைப் போடுங்கள். இப்போ ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேளுங்கள். கிட்டார் வரும், டிரம்ஸ் வரும். ஆனா பாடுறவங்க குரல் எங்கேயோ தூரத்தில் இருப்பது போலத்தான் கேட்கும். அடுத்த காதுக்கு மாற்றினால் குரல் பளிச்சென்று வரும், வாத்தியங்கள் மங்கிவிடும்.

இயர்போன் ரிப்பேர் இல்லைங்க. 1963ல் அந்தப் பாட்டு பதிவான விதமே அப்படித்தான்.

இதை 'சரிசெய்ய' வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா? பீட்டில்ஸ் ரசிகர்கள் பல வருடங்களாக விவாதிக்கும் கேள்வி இது. ஒரே ஆல்பத்தை 1987ல் சிடியாக வாங்கி, 2009ல் ரீமாஸ்டராக வாங்கி, பிறகு ரீமிக்ஸாகவும் வாங்கியவர்கள் ஏராளம். அப்படி என்னதான் மாறுகிறது? எளிமையாகப் பார்க்கலாம்.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

ரீமாஸ்டர், ரீமிக்ஸ், டீமிக்ஸ். மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேலை வேறு வேறு. சாம்பாரை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

ரீமாஸ்டர்: சாம்பார் ஏற்கெனவே தயார். அதைச் சூடு பண்ணி, உப்பு, காரத்தைக் கொஞ்சம் சரிபார்த்துப் பரிமாறுவது. முழுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், இரைச்சலை நீக்கலாம். குரலை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது.

ரீமிக்ஸ்: காய், பருப்பு, புளி எல்லாம் தனித்தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றை வைத்து மறுபடியும் சமைப்பது. குரல், கிட்டார், டிரம்ஸ் தனித்தனியாகப் பதிவான மல்டிட்ராக் டேப் இருந்தால்தான் இது நடக்கும். நம்ம ஊரில் பழைய பாட்டுக்குப் புது பீட் சேர்ப்பதை ரீமிக்ஸ் என்கிறோம். இது அது இல்லை. இங்கே புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை, இருப்பதன் அளவும் இடமும்தான் மாறும்.

டீமிக்ஸ்: கொதித்து முடித்த சாம்பாரிலிருந்து முருங்கைக்காய், பருப்பு, புளி என்று ஒவ்வொன்றையும் திரும்பப் பிரித்தெடுப்பது. 'அது எப்படிங்க முடியும்?' என்று கேட்கத் தோன்றும். சமீப காலம் வரை அதைத் திருப்தியாகச் செய்ய முடியாமல்தான் இருந்தது.

2009ல் என்ன நடந்தது?

பீட்டில்ஸ் ஆல்பங்கள் முதன்முதலில் சிடியாக வந்தது 1987ல். டிஜிட்டல் ஒலிப்பதிவு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் நான்கு ஆல்பங்கள் மோனோவில் மட்டுமே வந்தன. அடுத்த 22 ஆண்டுகள் ரசிகர்கள் அந்த சிடிக்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2009 செப்டம்பர் 9ஆம் தேதி மொத்த ஆல்பங்களும் ரீமாஸ்டர் செய்யப்பட்டு வெளியாகின. இதற்காக லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பொறியாளர்கள் குழு ஒன்று நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தது.

முதல் வேலை, 1960களின் மூல டேப்புகளை ஓடவிட்டு உயர்தர டிஜிட்டலுக்கு மாற்றுவது. சாதாரண சிடி 16 பிட். இவர்கள் பதிவு செய்தது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் அளவில். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, டேப் உரசும் இடத்தில் சேர்ந்த தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போனார்கள்.

அடுத்தது எதை நீக்குவது என்ற முடிவு. மின்சாரத்தால் வந்த 'டிக்' சத்தம், மைக்கில் காற்று அடித்த சத்தம், சரியாக ஒட்டாத டேப் இணைப்பு போன்றவற்றைச் சரிசெய்தார்கள். பாடுபவர் மூச்சு இழுப்பது, இருமல், நாற்காலி கிறீச்சிடுவது போன்றவை பாட்டின் பகுதி என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மொத்தம் 525 நிமிட இசையில், இரைச்சல் நீக்கும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது 5 நிமிடத்துக்கும் குறைவு.

காரணம் இருக்கு. டேப்பில் வரும் 'உஸ்ஸ்' சத்தமும், டிரம்ஸ் தட்டின் மெல்லிய அதிர்வும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசையில் இருப்பவை. முன்னதை முழுசா துடைத்தால் பின்னதும் சேர்ந்து போய்விடும். பாட்டு சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது.

'சத்தப் போர்' என்றால் என்ன?

ரீமாஸ்டர் என்றாலே சில ரசிகர்கள் பயப்படுவதற்கு இன்னொரு காரணம் இது. 1990களில் இருந்து, அடுத்தவர் பாட்டைவிட நம்ம பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி இசைத்துறையில் அதிகமானது.

சிடியில் ஒலிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்ட முடியாது. அதனால் மெல்லிய இடங்களை மேலே தூக்கி, உயர்ந்த இடங்களை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். முதல் முறை கேட்கும்போது நல்லா இருக்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். மெதுவாக ஆரம்பித்து திடீரென வெடிக்கும் பாட்டில் அந்த வெடிப்பே இருக்காது. 2008ல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் வந்தபோது, சிடியைவிட வீடியோ கேமில் வந்த பதிப்பே நன்றாக இருப்பதாக ரசிகர்கள் புகார் செய்த கதையும் உண்டு.

பீட்டில்ஸ் ரீமாஸ்டரில் இந்த விஷயத்தில் நடுவழி எடுத்தார்கள். ஸ்டீரியோ பதிப்பில் சத்தத்தை ஓரளவு மட்டும் கூட்டினார்கள். மோனோ பதிப்பில் அந்த அமுக்கும் வேலையே இல்லை. இன்றைக்கு ஸ்ட்ரீமிங் ஆப்களே எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அதனால் சத்தமாக மாஸ்டர் செய்வதில் பெரிய லாபம் இல்லாமல் போய்விட்டது.

மோனோதான் ஒரிஜினலா?

2009ல் ஸ்டீரியோ பெட்டியுடன், மோனோ பெட்டி ஒன்றும் தனியாக வெளியானது. இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பழைய முறைக்கு எதற்கு இவ்வளவு மவுசு?

1960களில் பெரும்பாலான வீடுகளிலும் வானொலியிலும் இருந்தது மோனோதான். அதனால் குழுவினரும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அதிக கவனம் செலுத்தியது மோனோ மிக்ஸில். 1967ல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோ மிக்ஸில் குழுவினர் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸ், அவர்கள் இல்லாமல் வேகமாக முடிக்கப்பட்டது.

வித்தியாசம் காதுக்கே தெரியும். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாடல் மோனோவில் வேகமாகவும் ஸ்ருதி ஏறியும் இருக்கும். ஸ்டீரியோவில் அதே பாடல் மெதுவாகப் போகும். 1968 'ஒயிட் ஆல்ப'த்தில் உள்ள 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் ஓய்ந்துபோய், மறுபடி எழுந்து, கடைசியில் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் தன் விரல் கொப்பளித்துவிட்டதாகக் கத்துவதுடன் முடியும். மோனோவில் அந்தப் புகழ்பெற்ற கத்தலே கிடையாது!

அதாவது 'ஒரிஜினல்' என்று ஒன்று மட்டும் எப்போதும் இருந்ததில்லை. ஆரம்பத்திலிருந்தே இரண்டு இருந்தன.

2022: டேப்பைப் பிரித்த கணினி

சார்ஜென்ட் பெப்பரின் 50ஆம் ஆண்டையொட்டி 2017ல் புதிய ஸ்டீரியோ மிக்ஸ் வந்தது. செய்தவர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின். உடன் பணியாற்றியவர் பொறியாளர் சாம் ஓகெல். அப்பா காலத்து மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மோனோவின் வேகத்துக்கே திரும்பியது. 2018ல் ஒயிட் ஆல்பம், 2019ல் ஆபி ரோடு, 2021ல் லெட் இட் பி என்று வரிசையாக வந்தன. புது மிக்ஸ் மட்டுமல்ல, வெளிவராத பதிவுகளும் இந்தப் பெட்டிகளில் இருந்தன. ஒயிட் ஆல்பம் பெட்டியில், குழுவினர் இந்தியாவில் ரிஷிகேஷில் தங்கியிருந்தபோது எழுதிய பல பாடல்களின் ஆரம்ப வடிவங்கள் இடம்பெற்றன.

சிக்கல் 1966ல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தில்தான். அப்போது ஸ்டுடியோவில் இருந்தது நான்கு ட்ராக் இயந்திரம். இடம் போதாததால் பல வாத்தியங்களை ஒரே ட்ராக்கில் அடைத்தார்கள். 'டாக்ஸ்மேன்' பாடலில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே ட்ராக். டிரம்ஸை நடுவில் வைக்கலாம் என்றால் கிட்டாரும் கூடவே வந்துவிடும்.

இங்கே கைகொடுத்தது ஒரு சினிமா. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இயக்குநர் பீட்டர் ஜாக்சன், 1969 ஜனவரியில் எடுக்கப்பட்ட பீட்டில்ஸ் படச்சுருள்களை வைத்து 'கெட் பேக்' என்ற ஆவணத் தொடரை 2021ல் கொண்டுவந்தார். அந்தப் பதிவுகளில் பேச்சும் கிட்டாரும் ஒன்றாகக் கலந்திருந்தன. அவற்றைப் பிரிக்க அவரது குழு ஒரு மென்பொருளை உருவாக்கியது. டிரம்ஸ் எப்படி ஒலிக்கும், கிட்டார் எப்படி ஒலிக்கும், குரல் எப்படி இருக்கும் என்று கணினிக்குப் பழக்கிக்கொடுத்து, கலவையிலிருந்து ஒவ்வொன்றையும் தனியாக எடுப்பதுதான் இதன் வேலை. இதன் செல்லப்பெயர் 'மால்', பீட்டில்ஸின் உதவியாளர் மால் எவன்ஸ் நினைவாக.

அந்த மென்பொருளின் உதவியால் 2022 அக்டோபரில் ரிவால்வரின் புது மிக்ஸ் வெளியானது. 2023ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'லவ் மீ டூ', 'ஷீ லவ்ஸ் யூ' பாடல்களின் மூலப் பதிவு டேப்புகள் இப்போது இல்லை. மிஞ்சியது மோனோ பதிப்பு மட்டும். அதைப் பிரித்தே ஸ்டீரியோ மிக்ஸ் உருவாக்கினார்கள்.

அது ஏஐ குரலா?

2023 ஜூனில், கடைசி பீட்டில்ஸ் பாடலை முடிக்க ஏஐ உதவியது என்று பால் மெக்கார்ட்னி சொன்னதும் பலர் அதிர்ந்துபோனார்கள். 1980ல் கொல்லப்பட்ட ஜான் லென்னனின் குரலை கணினி போலியாக உருவாக்கிவிட்டதோ என்ற சந்தேகம். செயற்கையாக எதையும் உருவாக்கவில்லை என்று அவரே பிறகு விளக்கம் தர வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். 1970களின் இறுதியில் லென்னன் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துப் பாடி, ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அவர் மனைவி யோகோ ஓனோ 1994ல் அதை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். 1995ல் மற்ற மூவரும் முயன்றார்கள். பியானோ சத்தம் குரலை மூடிவிட்டதால் கைவிட்டார்கள். பிறகு குரலைத் தனியாகப் பிரிக்க முடிந்ததால் 2023 நவம்பர் 2ஆம் தேதி 'நவ் அண்ட் தென்' வெளியானது. 2001ல் மறைந்த ஜார்ஜ் ஹாரிசன், 1995ல் வாசித்த கிட்டாரும் அதில் இருக்கிறது. 2025ல் கிராமி விருதும் கிடைத்தது. குரல் லென்னனுடையதேதான். மேலே படிந்திருந்ததைத்தான் விலக்கினார்கள்.

அப்புறம் ஏன் சண்டை?

புது மிக்ஸை ஆதரிப்பவர்கள் சொல்வது: ரிங்கோவின் டிரம்ஸ் இப்போதுதான் முழுசா கேட்குது. இயர்போனில் கேட்கும் தலைமுறைக்கு, குரல் ஒரு காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிக்ஸ் தொந்தரவு.

எதிர்ப்பவர்கள் சொல்வது: எது முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்தவர்கள் அந்தக் காலத்துக் கலைஞர்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. மெக்கார்ட்னி, ரிங்கோ, மறைந்தவர்களின் குடும்பத்தினர் ஒப்புதல் தந்தாலும், அது இன்றைய காதுக்கான முடிவு. வியாபாரக் கணக்கும் இதில் உண்டு, அதை மறுக்க முடியாது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இசைத்தட்டு, சிடி காலத்தில் பழைய பதிப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் அப்படி இல்லை. தேடினால் ஆப் எதை முதலில் காட்டுகிறதோ, அதுதான் புதிதாகக் கேட்கும் ஒரு இளைஞருக்கு 'ஒரிஜினல்'. 1987 சிடி பதிப்பு ஸ்ட்ரீமிங்கில் இல்லை. பழைய டேப்பிலிருந்து டிஜிட்டல் கலப்பே இல்லாமல் தயாரான மோனோ இசைத்தட்டுகள் 2014ல் வந்தன. ரசிகர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வது இதனால்தான். புது மிக்ஸ் வரட்டும், பழையதும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

உங்க மொபைலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

- பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். 'ரீமாஸ்டர்டு 2009' என்றால் பழைய மிக்ஸ், புது மெருகு. '2022 மிக்ஸ்' என்றால் புதிதாகக் கலந்தது. 'மோனோ' என்றால் இரண்டு காதிலும் ஒரே ஒலி.
- 'டாக்ஸ்மேன்' பாடலை 2009, 2022 இரண்டு பதிப்பிலும் கேளுங்கள். முதலாவதில் டிரம்ஸும் பேஸும் இடது காதில் ஒதுங்கி நிற்கும். இரண்டாவதில் நடுவுக்கு வந்துவிடும்.
- ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதை 'நல்ல தரம்' என்று காது ஏமாந்துவிடும்.
- ஒற்றை இயர்பட் அல்லது போன் ஸ்பீக்கரில் ஒப்பிட வேண்டாம். பல கருவிகள் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

கேட்டுப் பார்த்த பிறகு பழையதுதான் பிடித்திருக்கிறது என்றால் அதையே பிளேலிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுசுதான் பிடிச்சிருக்குன்னாலும் தப்பில்லை. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் போதும்!