காலங்கடந்து நிற்கும் ஆட்டம்

விளையாட்டு தமிழாய்வுக்குரிய பொருளே என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நூலறிவு நிரம்பாது அவையில் பேசுதலுக்கு, அரங்கு வகுத்துக்கொள்ளாமல் வட்டாடுதலை உவமையாக்குகின்றார் வள்ளுவர். கல்லாமை அதிகாரம் அவ்வுவமையுடனேயே தொடங்குகின்றது. கேட்போர் நன்கறிந்த பொருளே உவமையாகும் ஆதலின், வட்டாட்டம் அந்நாளைய வாழ்வில் ஊன்றியிருந்தமை பெறப்படும். கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் சுடுமண் சில்லுகளையும் ஆட்டக்காய்களையும் பகடையையும் குறிக்கின்றது. இம்மரபினை உளங்கொண்டு, நம் காலத்து வீடியோ விளையாட்டு எவ்வாற்றான் பண்பாட்டுச் சின்னமாக நிலைபெறும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015-இல் வீடியோ விளையாட்டுகளுக்கெனப் புகழ்மன்றம் ஒன்றனை நிறுவிற்று. அது கொண்ட அளவைகள் நான்கு: பலராலும் அறியப்படுதல், நெடுங்காலம் நிலவுதல், நாடு கடந்து பரவுதல், பின்வருவனவற்றிற்கு வழிகாட்டுதல். பாங், பாக்-மேன், டெட்ரிஸ் உள்ளிட்ட ஆறு விளையாட்டுகள் முதலாண்டில் இடம்பெற்றன. இவ்வளவைகள் தக்கனவே, எனினும் இவை நிலைபேற்றின் விளைவைக் கூறுகின்றனவேயன்றிக் காரணத்தைக் கூறவில்லை.

காரணத்தை நம் நாட்டு ஆட்டம் ஒன்றிலிருந்தே அறியலாம். ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டிற்கு வெட்டும் ஆற்றல் இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று காத்து நின்று, புலி நகர இடமின்றி அடைத்துவிடின் வெற்றி அவற்றிற்கே. வலியார் சிலரை மெலியார் பலர் ஒருங்கு நின்று தடுத்தல் என்னும் பொருள் எவரும் எடுத்துரையாமலே ஆடுவோர்க்குப் புலனாகின்றது. ஆட்டத்தின் விதியே அதன் பொருளாதல் நிலைபேற்றின் முதற்காரணம் என்போம். கள்ளக்குறிச்சிக்கும் திருக்கோவலூருக்கும் இடைப்பட்ட ரிஷிவந்தியத்தில் இருவர் தரையிற் கோடு கிழித்து, கூழாங்கற்களை எடுத்து இன்றே இதனை ஆடத் தொடங்கலாம். கருவி அழியினும் ஆட்டம் அழியாமை இரண்டாங்காரணம்.

டெட்ரிஸ் இவ்விரண்டும் உடையது. நிரம்பிய வரிசை மறையும். பிழைபட்ட அடுக்கோ குவிந்து நெருக்கும். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னவ் இதனை ஆக்கியபோது, அவர் கையாண்ட எலெக்ட்ரோனிகா-60 கணினி படம் வரைய வல்லதன்று. எழுத்துக்குறிகளாலேயே கட்டங்களைக் காட்டினார். அக்கணினி வழக்கொழிந்தது, ஆட்டமோ 1989-இல் கேம் பாய் என்னும் கைக்கருவியிற் புகுந்து, இன்று கைப்பேசியிலும் வாழ்கின்றது.

தமிழர் ஆக்கமான 'வெண்பா' என்பதை இனி நோக்குவோம். கனடாவின் டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் குழுவினர் இதனை 2023 சூலையில் வெளியிட்டனர். 1980களில் அந்நாட்டிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை இது. வெண்பா என்பாள் தாய், பாவலன் தந்தை, மகன் கவின் தாய்மொழியினின்றும் விலகுகின்றான். தன் தாயிடமிருந்து வெண்பா பெற்ற சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கின்றது. மறைந்த எழுத்துகளையும் படிகளையும் உய்த்துணர்ந்தே ஆடுவோர் சமைத்தல் வேண்டும். சிதைந்த ஏட்டிற்குப் பாடங்காணும் பதிப்பாசிரியர் பணியும் இத்தகையதே. தலைமுறையிடையே தேய்வதனை மீட்டல் கதையின் பொருள். அதுவே ஆட்டத்தின் விதியுமாயிற்று. பாஃப்டா என்னும் பிரித்தானியக் கலைக்கழகம் 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டிற்கான பரிசினை இதற்கு வழங்கியது.

எனினும் இரண்டாங்காரணம் இதற்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆடுபுலியை நான்கு தொடரிற் சொல்லி மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். வெண்பாவினை அங்ஙனம் ஆக்கவியலாது; ஓவியமும் இசையும் உரையாடலும் நீங்கின் அது வேறாகிவிடும். ஆதலின் காப்பியம்போலவே அதுவும் படியெடுப்பாரை நம்பியுள்ளது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. நூலகங்கள் தம் சேமிப்பிலுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்தே ஆடத் தருவதற்கு வேண்டப்பட்ட விலக்கினை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024-இல் மறுத்தது. ஏடுகளைக் கறையானுக்கும் நெருப்புக்கும் இழந்த நமக்கு இவ்விழப்பின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை.

எனவே தமிழ்த்துறைகள் செய்தற்குரியன இரண்டு. ரிஷிவந்தியம் முதலிய ஊர்களிலும் கல்வராயன் மலையூர்களிலும் முதியோர் அறிந்த ஆட்டங்களின் விதிகளையும் கலைச்சொற்களையும் அவர்தம் வாய்மொழியாகவே பதிவு செய்தல் ஒன்று. தமிழிற் பிறக்கும் கணினி விளையாட்டுகளை, இயங்கும் கருவியோடும் ஆக்கியோர் குறிப்புகளோடும், ஆக்கியோர் வாழுங்காலத்திலேயே ஒப்புதல் பெற்று நூலகத்தில் வைத்தல் மற்றொன்று. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் தேடத் தொடங்கியபோது ஏடுகள் பல முன்னரே அழிந்திருந்தன. இத்துறையில் அத்தகைய காலத்தாழ்வு நேராவண்ணம் காத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.