பேசும் ஈயத்தாள்

1877 டிசம்பர் முதல் வாரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற சிற்றூர். தாமஸ் ஆல்வா எடிசனின் பட்டறையில் ஜான் குரூசி என்ற சுவிஸ் நாட்டு மெக்கானிக் ஒரு பித்தளை உருளையைக் கடைந்துகொண்டிருந்தார். வேலை முடியும் தறுவாயில்தான் "இது எதற்கு?" என்று கேட்டாராம். பேச்சைப் பதிந்து வைத்து அதைத் திரும்பப் பேச வைக்கப் போவதாக எடிசன் சொன்னபோது, அவர் நம்பவில்லையாம். இது எடிசனே பின்னாளில் சொன்ன கதை. நாட்கணக்குக்குச் சாட்சி, உதவியாளர் சார்லஸ் பேட்சலரின் நாட்குறிப்பு. 4ஆம் தேதி குரூசி வேலையில் இருக்கிறார். 6ஆம் தேதி இயந்திரம் முடிந்துவிட்டது. மறுநாளே அது நியூயார்க்கில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை அலுவலகத்தின் மேசைமேல் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களிடம் நலம் விசாரித்தது.

அந்த ஈயத்தாள் போனோகிராஃபை இன்றும் வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காப்புரிமை எண் 2,00,521 எப்போதோ காலாவதியாகிவிட்டது, யாரும் தடுக்கப்போவதில்லை. கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர், இயற்பியல் ஆசிரியர், முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கிய கல்லூரி மாணவர் என்று பல ரகம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அனுபவம் வாய்க்கிறது. அன்றைக்கு எது சவாலாக இருந்ததோ அது இன்று சுலபம். அன்றைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைத்தது இன்று தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளில் கஷ்டம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

உருளையும் மரையும்

இயந்திரத்தின் சூட்சுமம் மிக எளிது. சுமார் 4 அங்குல விட்டமுள்ள உருளை. அதன் மேல் சுருள்பாதையாக ஒரு பள்ளம், அங்குலத்துக்கு 10 சுற்று. உருளையைத் தாங்கும் தண்டிலும் அதே கணக்கில் மரை. கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழலும். சுழன்றபடியே பக்கவாட்டில் நகரும். உருளையைச் சுற்றி ஈயத்தாள் போர்த்தியிருக்கும். பள்ளத்தின் மேல் தாள் அந்தரத்தில் நிற்பதால், ஊசி அழுத்தினால் உள்ளே குழியும். ஊசிக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு, அதற்குப் பின்னால் பேசும் வாய். குரல் பட்டுத் தகடு அதிரும். ஊசி தாளில் மேடுபள்ளமாகக் குத்திச் செல்லும். உருளையைப் பின்னோக்கிச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினால், அதே மேடுபள்ளம் ஊசியை உலுக்கும், ஊசி தகட்டை உலுக்கும், தகடு பேசும். மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை.

அன்றைக்குப் பள்ளமும் மரையும் ஒரே கணக்கில் வரவேண்டுமென்றால் குரூசி போன்ற கைதேர்ந்த ஆள் வேண்டும், மரை வெட்டும் கடைசல் இயந்திரம் வேண்டும். வேலைக்கூலியாக 18 டாலர் என்று வரைபடத்தில் குறித்ததாக எடிசன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனாலும் செய்து பார்க்கும் ஆசை யாரையும் விடவில்லை. 1878 பிப்ரவரி 1ஆம் தேதியே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வில்லியம் பிரீஸ் ஒரு போனோகிராஃபைப் பேச வைத்துக் காட்டினார். மென்லோ பார்க் இயந்திரம் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அகஸ்டஸ் ஸ்ட்ரோ என்பவர் கைப்பிடியே வேண்டாமென்று, கீழே இறங்கும் எடையால் சுழலும் போனோகிராஃபை வடிவமைத்தார். வீட்டில் செய்யும் போனோகிராஃபுக்கும் கம்பெனி போனோகிராஃபுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

இன்று மரைக்காக யாரையும் கெஞ்ச வேண்டாம். இரும்புக் கடையில் 20 எம்எம் மரைக்கம்பி கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். அதன் மரை இடைவெளி 2.5 மில்லிமீட்டர். எடிசனின் அங்குலத்துக்கு 10 என்பது 2.54 மில்லிமீட்டர். உருளைக்கு 110 எம்எம் பிவிசி பைப் போதும். பிளம்பர்கள் நாலு இஞ்ச் பைப் என்பார்களே, அதுதான்.

ஆனால் ஓர் இடத்தில் புதியவர்கள் சறுக்குவது வழக்கம். பள்ளத்தைப் பட்டறையில் அங்குலக் கணக்கில் வெட்டிக்கொண்டு, தண்டுக்கு 2.5 எம்எம் கம்பியைப் போட்டுவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு 0.04 மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். 35 சுற்று முடியும்போது ஊசி 1.4 மில்லிமீட்டர் விலகி, பள்ளத்தை விட்டு மேட்டில் ஏறியிருக்கும். அங்கே அழுத்தினால் தாள் குழியாது, கிழியும். விவரமானவர்கள் செய்யும் உபாயம், ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெட்டுக்கூரைப் பொருத்தி, இயந்திரத்தை அதன் மரையிலேயே ஓட்டிப் பள்ளத்தை வெட்டிக்கொள்வது. மரை எப்படியோ பள்ளமும் அப்படியே அமைந்துவிடும்.

தாளைத் தேடி

கஷ்டம் வந்து குடியேறியிருப்பது தாளில். எடிசன் பயன்படுத்தியது வெள்ளீயத் தாள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு தெரியுமல்லவா, வெறுமையாக அடுப்பில் ஏற்றினால் சொம்பே உருகிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, அதே உலோகம்தான். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடித்தாலும் அழுத்தினாலும் முறுக்கேறாது. அழுத்திய இடத்தில் அப்படியே அமர்ந்துவிடும். ஊசியின் ஒவ்வொரு நடுக்கத்தையும் பணிந்து வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல உலோகம் அமையாது. 1870களில் இது அரிய பொருளும் அல்ல. புகையிலை, சாக்லேட் பொதிகிற தாளாகவே புழங்கியது.

1910இல் சுவிட்சர்லாந்தில் அலுமினியத்தை மெல்லிய தாளாக உருட்டும் தொழில் தொடங்கியது. விலை குறைவு, எடை குறைவு, உணவில் உலோக வாடை சேராது. சில பத்தாண்டுகளில் சமையலறையிலிருந்தும் மிட்டாய்க் கடையிலிருந்தும் வெள்ளீயத் தாள் விடைபெற்றது. சப்பாத்தி சுற்றும் ஃபாயிலை உருளையில் சுற்றிப் பேசினாலும் பதியும். ஆனால் அது மிக மெல்லியது. ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கிழியும், ஆழம் குறைந்தால் குரல் முனகலாக வரும். வெள்ளீயம்போல முழுக்க அடங்கவும் அடங்காது.

ஆகவே இன்றைய கைவினைஞர்களின் நேரமெல்லாம் இந்தத் தாளோடுதான் போகிறது. கனமான கிரில் ஃபாயில், கேக் தட்டின் அடித்தகடு, கைவினைக் கடைகளில் புடைப்புச் சித்திரத்துக்கு விற்கும் உலோகத் தாள் என்று ஒவ்வொன்றாக முயல்வார்கள். சுத்தமான வெள்ளீயத் தாள் ஆய்வக விற்பனையாளர்களிடம் கிடைக்கும். விலையைப் பார்த்தால் பேச்சு தானாக நின்றுவிடும். எடிசனுக்குக் கிடைத்த மலிவான பொருள் நமக்கு ஆடம்பரம். அவருக்குச் சிக்கலாக இருந்த துல்லியமான மரை நமக்கு இரும்புக் கடைச் சரக்கு.

ஊசியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கூர்மையானது உதவாது. தைக்கும் ஊசியின் முனையை எண்ணெய்க் கல்லில் தேய்த்து உருட்டிக்கொள்ள வேண்டும்; அது தாளை வெட்டக்கூடாது, வழுக்கிக்கொண்டே அழுத்த வேண்டும். ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவே எடிசன் சிறு ரப்பர்க் குழாய்த் துண்டுகளை வைத்தார். தகடு தன்னிச்சையாகக் கணகணக்காமல் குரலுக்கு மட்டும் அசைய வேண்டும் என்பதற்காக. இன்று தகட்டுக்குப் பதில் அபிரகத் தகடோ பிளாஸ்டிக் டப்பாவின் மூடியோ வரலாம். அந்த ரப்பர்த் துண்டுக்கு மட்டும் மாற்று வரவில்லை.

கையும் குரலும்

பதிவு செய்யும் வேளையை அருகில் இருந்து பார்த்தால் இது ஓர் உடற்பயிற்சி என்பது விளங்கும். தாளின் இரு விளிம்புகளையும் உருளையிலுள்ள நீள்வெட்டுக்குள் மடித்துச் செருகி, சுருக்கமில்லாமல் விரலால் நீவிவிட வேண்டும். ஊசியை இறக்கி, பேசாமலே ஒரு சுற்று ஓட்டினால் பள்ளத்தின் நடுவே ஒரே சீரான கோடு விழ வேண்டும். விழுந்தால் ஊசி சரியாக நிற்கிறது என்று பொருள். பிறகு உதட்டை வாய்ப்புனலோடு ஒட்டவைத்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். அதே சமயம் வலது கை நொடிக்கு ஒரு சுற்று என்ற நிதானத்தை விடக்கூடாது. கத்தும்போது கை தானாக வேகமெடுக்கும். திருப்பிக் கேட்கையில் சொந்தக் குரல் வாக்கிய நடுவில் தடித்தும் முடிவில் மெலிந்தும் வரும்.

கனமான சுழற்சக்கரம் மாட்டி எடிசன் இதைச் சமாளித்தார். இன்று சிறு மோட்டார் ஒன்று இந்தச் சிக்கலை ஒழித்துவிடும். ஆனால் பலர் வேண்டுமென்றே கைப்பிடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவு ஓடும் நேரம் அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். 10 சென்டிமீட்டர் நீள உருளையில் 40 சுற்று, ஆக 40 நொடி. ஒவ்வொரு சுற்றிலும் தாளின் இணைப்பு வரும்போது ஒரு 'டப்'; அந்த இடத்தில் விழுந்த அசை போனது போனதுதான்.

காதின் பங்கு

1878இல் கேட்டவர்கள் மயங்கிப்போனார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி வாஷிங்டனில் அறிவியல் அகாதமி முன் இயந்திரத்தைக் காட்டிய எடிசன், அன்றிரவே வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் ஹேஸுக்கும் போட்டுக் காட்டினார். இன்று அதே தரத்தில் ஒரு இயந்திரம் செய்து வீட்டாருக்குப் போட்டுக் காட்டினால், "என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். இயந்திரம் கெட்டுப்போகவில்லை, நம் காது பழகிய இடம் வேறு.

கணக்கும் இதையே சொல்கிறது. நொடிக்கு ஒரு சுற்று என்றால் 110 எம்எம் உருளையில் தாள் நொடிக்குச் சுமார் 34.5 சென்டிமீட்டர் ஓடும். நொடிக்கு 1,000 முறை அதிரும் ஒலிக்கு ஒவ்வொரு குழியும் 0.35 மில்லிமீட்டர் நீளம் வரும். 'ஸ்', 'ஷ்' போன்ற சீறும் ஒலிகளின் வலு 4,000க்கு மேலே இருப்பதால், அவற்றின் குழிகள் 0.09 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். முனை உருட்டிய ஊசியால் அவ்வளவு நெருக்கமாகக் குத்தவும் முடியாது, குத்தியதைத் தடவி அறியவும் முடியாது. 'அம்மா', 'ஆனை' தெளிவாக வரும்; 'பசி' என்றது 'பயி' போலக் கேட்டால் வியப்பில்லை.

அந்தக் காலத்துக் காட்சிக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் அவர்களின் சாமர்த்தியம் புரியும். எடிசன் முதலில் பதிந்ததாகச் சொன்னது, ஆட்டுக்குட்டி வளர்த்த மேரியைப் பற்றிய குழந்தைப் பாட்டு. ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. மேடைகளிலும் எல்லோரும் அறிந்த பாட்டுகள், கார்னெட் ஊதல், சேவல் கூவல், இருமல், சிரிப்பு. அதுவும் கூட்டத்தின் கண்முன்னே பதிந்து, உடனே திருப்பிப் போட்டார்கள். என்ன வரப்போகிறது என்று காதுக்கு முன்பே தெரியும். விட்டுப்போன மெய்யெழுத்துகளைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். தெரிந்ததைத் திருப்பிச் சொல்லும்வரை இயந்திரம் அற்புதம். தெரியாததைச் சொல்லச் சொன்னால்தான் வண்டவாளம் வெளிப்படும்.

வியாபாரம் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1878 ஜனவரியில் தொடங்கிய எடிசன் ஸ்பீக்கிங் போனோகிராஃப் கம்பெனி அவருக்கு 10,000 டாலரும் லாபத்தில் 20 சதவீதமும் தருவதாக ஒப்புக்கொண்டது. கடிதம் சொல்லி எழுதவைக்க, பார்வையற்றோருக்குப் புத்தகம் படிக்க, குடும்பத்தாரின் குரலைப் பாதுகாக்க என்று அதே ஆண்டு எடிசன் ஒரு பட்டியலே எழுதினார். பட்டியல் பிற்காலத்தில் பெரும்பாலும் பலித்தது, ஈயத்தாளால் அல்ல. சில தடவை ஓட்டியதும் குழிகள் தேய்ந்து தாள் மௌனமாகிவிடும். கழற்றினால் மறுபடி அதே இடத்தில் பொருத்துவது குதிரைக்கொம்பு. புதுமை தீர்ந்ததும் கூட்டம் குறைந்தது. எடிசன் மின்விளக்கின் பக்கம் திரும்பினார். சிசெஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெயின்டரும் மெழுகில் வெட்டிப் பதியும் வழியைக் கண்டு 1886இல் காப்புரிமை பெற்ற பிறகே, பதிந்த குரல் நிலைத்து நிற்கத் தொடங்கியது.

கிழித்துக் கொடுத்த தாள்

எடிசன் முதலில் பதிந்த தாள் இன்று இல்லை. அந்தப் பாட்டை அவரே சொல்வதாக இணையத்தில் உலவும் பதிவு, பொன்விழாவையொட்டி 1927இல் அவர் மறுபடி சொல்லிப் பதிந்தது. மேடையில் ஓடிய தாள்களோ, காட்சி முடிந்ததும் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டுப் பார்வையாளர்களுக்கு நினைவுப்பொருளாகப் போய்விட்டன. குரலைப் பாதுகாக்க வந்த இயந்திரம் என்று சொல்லி டிக்கெட் விற்றவர்கள், பாதுகாக்க வேண்டியதைத் தங்கள் கையாலேயே பிய்த்துக் கொடுத்தார்கள். திருப்பிக் கேட்க முடியாத தாள் அவர்களுக்கு வெறும் தகடு.

அந்தக் கணக்கு 2012இல் தலைகீழாயிற்று. 1878 ஜூன் 22ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் பதிந்த ஒரு தாள், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி அருங்காட்சியகத்தில் தப்பிக் கிடந்தது. 5 அங்குல அகலம், 15 அங்குல நீளம். மடித்த தடமும் கிழிசலுமாக இருந்தது. ஊசி பட்டால் அதோடு முடிந்தது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர் கார்ல் ஹேபரின் குழுவினர், தொடாமல் ஒளியால் அதன் மேடுபள்ளத்தை அளந்து கணினியில் ஒலியாக்கினார்கள். 78 நொடி. ஒரு கார்னெட் இசை, மேரியின் ஆட்டுக்குட்டி, இன்னொரு குழந்தைப் பாட்டு, இடையில் ஓர் ஆணின் சிரிப்பு.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மூன்று தடவை ஓட்டியதும் குரல் மங்கிவிட்டதே என்று தாளைச் சுருட்டி எறிய வேண்டியதில்லை. முதல் தடவை ஓட்டும்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். முக்கியமான குரலென்றால், ஒரு தாளை ஒருமுறைகூட ஓட்டாமல் கழற்றி, மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். தேதியையும், பேசியவர் யார், பேசியது என்ன என்பதையும் அட்டையின் மேல் எழுதுங்கள். சீறும் ஒலிகள் தாளிலேயே ஏறாதவை. எவ்வளவு நல்ல ஒளிக்கருவி வந்தாலும் அவற்றை மீட்க முடியாது. அந்த இடங்களை நிரப்ப நீங்கள் எழுதிவைத்த வரிதான் உதவும்.