கணிப்பொறியின் முன்சாளரமும் பின்னறையும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரக் குடும்பங்களில் எழும் முதல் பேச்சு, ஊருக்குப் போக இரயிலில் இடம் கிடைக்குமா என்பதுதான். முன்பதிவுச் சாளரத்தில் நின்று கேட்டாலும், வீட்டிலிருந்தபடியே கைபேசியில் கேட்டாலும், சில நொடிகளில் விடை வந்துவிடுகிறது. அதே நேரத்தில் நாடெங்கும் பல்லாயிரம் பேர் அவ்வாறே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருடைய வேலை நீண்டதாக இருந்தால் மற்றவர்கள் எல்லாரும் நின்றுவிட வேண்டாமா? அப்படி நில்லாமல் இருக்கக் கணிப்பொறி அறிஞர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

அன்றைய முன்பதிவு

நம் பாட்டனார் காலத்தில் இரயில் முன்பதிவு முழுவதும் பேரேடுகளில் நடந்தது. வண்டிக்கும் நாளுக்கும் உரிய ஏட்டைப் புரட்டி, காலியான இடத்தில் பெயரை எழுதிச் சீட்டைக் கொடுப்பார் எழுத்தர். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால், அந்த ஏடு அவரிடம் இராது. வேறோர் ஊரில் இருக்கும். ஆகவே அவ்வூருக்குத் தந்தி அனுப்புவார்கள். தந்திக்கு மறுமொழி வரும்வரை எழுத்தர் கைகட்டிக் காத்திருந்தாரா? இல்லை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு, அடுத்தவரை அழைத்தார். மறுமொழி பின்னர் வந்தது. பயணி அதனைப் பின்னர் அறிந்துகொண்டார். உடனே முடியும் வேலை சாளரத்திலும், நாளெடுக்கும் வேலை பின்னறையிலும் நடந்தன. இன்றைய கணிப்பொறிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

கணிப்பொறி வந்த கதை

1986-ஆம் ஆண்டில் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு நடைமுறைக்கு வந்தது. இரயில்வேயின் கணிப்பொறிப் பணிகளுக்கென ‘கிரிஸ்’ என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1987-இல் சென்னைக்கும் இவ்வசதி வந்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ஆம் ஆண்டுக்குள் ஒரே வலையாக இணைக்கப்பட்டன. 2002 ஆகஸ்ட் 3 அன்று இணையத்தின் வழியே சீட்டுப் பெறும் வசதியும் தொடங்கியது.

சீட்டில் அச்சிடப்படும் பி.என்.ஆர். எண் பத்து இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் இலக்கம் எந்த மையத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். சென்னை மையத்து எண்கள் 4 அல்லது 5-இல் தொடங்கும். வீட்டில் பழைய சீட்டு இருந்தால் மாணவியர் எடுத்துப் பார்க்கலாம்.

நீண்ட கேள்வி செய்யும் தொல்லை

நம் கைபேசியில் வண்டிகளின் விவரம் எதுவும் இல்லை. அது தொலைவிலுள்ள ‘சர்வர்’ என்னும் கணிப்பொறியைக் கேட்கிறது. சர்வர் தனக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளத்தைக் கேட்கிறது. தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட மாபெரும் பேரேடு. அதனிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் ‘வினவல்’ என்பர்.

எல்லா வினவலும் ஒரே தன்மையன அல்ல. ஒரு பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து நிலையைக் கேட்பது எளிது. “சென்ற ஆண்டு முழுவதும் ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை இடங்கள் காலியாகச் சென்றன?” என்று கேட்பது அரிது. அதற்குப் பல கோடி வரிகளைப் படித்துக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிய வினவல் ஒன்றுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்றும், அரிய வினவலுக்கு 5 நொடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சர்வர் வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகவே கவனித்தால், அந்த ஓர் அரிய வினவல் முடிவதற்குள் 500 எளிய வினவல்களை முடித்திருக்கலாம். அந்த ஐந்நூறு பேரும் ஒருவர் பொருட்டுக் காத்து நிற்கிறார்கள். அவர்களுள் பொறுமை இழந்தவர்கள் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவார்கள்; வரிசை மேலும் நீளும்.

2009-இல் வெளிவந்த நோட்.ஜேஎஸ் போன்ற அமைப்புகளில், வருவோர் அனைவரையும் ஒரே பணியாளர் கவனிப்பது போன்ற ஏற்பாடே உள்ளது. தரவுத்தளம் விடை தேடும் நேரத்தில் அவர் அடுத்தவரைக் கவனிப்பார். ஆனால், வந்து குவிந்த விடையைக் கூட்டிக் கணக்கிடும் வேலையில் அவரே மூழ்கிவிட்டால் வாயில் அடைபட்டது போலாகும்.

பணியாளர்களை அதிகமாக்கினால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான் அது உதவும். எடுத்துக்காட்டாக, போஸ்ட்கிரஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருள், தன்னுடன் இணையும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செயல்முறையைத் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் கேட்கும். ஆகையால் நாம் மாற்றாதவரை 100 இணைப்புகளே அதன் வரம்பு. எல்லா இணைப்புகளையும் நீண்ட வினவல்கள் பிடித்துக்கொண்டால், எளிய கேள்வியுடன் வருபவருக்கு நுழையவே வழியிராது.

பின்னறைப் பணியாளர்

இதற்குத் தீர்வாக அமைந்ததே பின்னணிச் செயல்முறை. மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தவுடன் ஒரு சீட்டைத் தந்து, “மாலையில் வந்து முடிவை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்வார்கள் அல்லவா? அதே முறைதான்.

முதலாவதாக, நீண்ட வேலை வந்தவுடன் சர்வர் அதனைத் தானே செய்யாமல், வேலைகளின் வரிசைப் பட்டியலில் எழுதி வைக்கிறது. இரண்டாவதாக, கேட்டவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறது. மூன்றாவதாக, பின்னணியில் இயங்கும் வேறொரு செயல்முறை, பட்டியலிலிருந்து வேலையை எடுத்துச் செய்து, விடையை உரிய இடத்தில் வைக்கிறது. நான்காவதாக, கேட்டவர் தம் எண்ணைக் காட்டி விடையைப் பெறுகிறார். அல்லது அவருக்குச் செய்தி அனுப்பப்படுகிறது.

இணையத்தின் மொழியிலேயே இதற்கு இடம் உண்டு. ‘கேட்டது முடிந்தது’ என்பதற்குச் சர்வர் அனுப்பும் குறியெண் 200. ‘ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை’ என்பதற்குரிய குறியெண் 202. இரண்டும் வேறு வேறு என்பதை மறக்கலாகாது.

எதை ஒத்திவைக்கலாம்?

எல்லா வேலையையும் பின்னறைக்குத் தள்ளிவிடலாமா? கூடாது. முறையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. அந்த நிமிடத்தில் ஒரே படுக்கையைப் பலர் கேட்பார்கள். அதனை ஒருவருக்கு ஒதுக்கும் வேலையை உடனே, உறுதியாக முடித்தாக வேண்டும். “பணத்தைக் கட்டிவிட்டுப் போங்கள், இடம் உண்டா என்று பிறகு சொல்கிறோம்” என்றால், நோயுற்ற தாயைப் பார்க்க விரையும் மகள் எதை நம்பிப் புறப்படுவாள்?

ஆனால் பயணிகள் பட்டியல் தயாரிப்பது அப்படியன்று. நிரம்பாத ஒதுக்கீடுகளை விடுவித்து, ஆர்.ஏ.சி.யிலும் காத்திருப்போர் பட்டியலிலும் உள்ளவர்களுக்கு வரிசைப்படி இடம் கொடுக்கும் பெரிய வேலை அது. ஒவ்வொரு பயணியும் சாளரத்தில் நிற்கும்போது அதனைச் செய்துகொண்டிருக்க முடியாது. வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு தனியே செய்யப்படுகிறது. நெடுங்காலம் 4 மணி நேரம் முன்பாகச் செய்யப்பட்ட இவ்வேலை, 2025-ஆம் ஆண்டில் மேலும் முன்னதாக நகர்த்தப்பட்டது. இடம் கிடைக்காதவர் வேறு வழி தேட நேரம் வேண்டுமல்லவா? ஒத்திவைத்த வேலைக்கும் ஒரு கெடு உண்டு என்பதை இது காட்டுகிறது.

கவனிக்க வேண்டிய மூன்று

பின்னறை முறையில் சில ஆபத்துகளும் உண்டு.

ஒன்று, வேலை தொலைந்துபோவது. மின்சாரம் நின்று செயல்முறை பாதியில் மடிந்தால், ஏற்றுக்கொண்ட வேலை மறைந்துவிடக் கூடாது. ஆகவே வேலை முடிந்தது என்ற உறுதி வரும்வரை அதனைப் பட்டியலிலிருந்து அடிக்கலாகாது.

இரண்டு, வேலை இருமுறை நடப்பது. பாதியில் நின்றதை மற்றொரு செயல்முறை எடுத்து மறுபடியும் செய்யக்கூடும். குறுஞ்செய்தி இருமுறை வந்தால் கேடில்லை. இரத்துச் செய்த சீட்டின் பணம் இருமுறை போனால் கணக்கு என்னாவது? எனவே ஒவ்வொரு வேலைக்கும் தனி எண் இட்டு, “இது முன்பே முடிந்ததா?” என்று பார்த்த பின்பே தொடங்க வேண்டும்.

மூன்று, சுமை குறைந்துவிட்டது என்று எண்ணி ஏமாறுவது. வேலை இடம் மாறியதே தவிர, தரவுத்தளத்தின் உழைப்பு குறையவில்லை. புத்தகத்தின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்ற ஓர் அடைவைத் தரவுத்தளத்திலும் அமைத்தால், பல நீண்ட வினவல்கள் தாமே குறுகிவிடும். முதலில் அதனைச் செய்ய வேண்டும். அதன் பின்னும் நீள்பவற்றை, தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் ஓடவிடுவது நல்லது. அந்த நகல் சற்றுப் பின்தங்கியிருக்கலாம் என்பதால், விடையில் அது எந்த நேரத்து நிலவரம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

முடிவுரை

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உறுப்புகள் செய்யும் பட்டறைகளோடு இன்று தரவு மையங்களும் எழுந்துள்ளன. அத்தகைய இடங்களில் நாளை பணிபுரியப் போகிறவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கலாம். அவர்கள் மூன்று கேள்விகளை மனத்தில் கொள்வார்களாக. இந்த வேலை இப்போதே முடிய வேண்டியதா? ஒத்திவைத்தால், எப்போது முடியும் என்று காத்திருப்பவருக்குச் சொல்லிவிட்டோமா? சொன்னபடி முடித்தோமா?

வந்தவரை வீணே நிறுத்தி வைக்காமை ஒரு பண்பு. ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொன்னதை மறவாமல் முடித்துக் கொடுப்பது அதனினும் பெரிய பண்பு. கணிப்பொறிக்கு இவ்விரண்டையும் கற்பிக்க வேண்டியவர்கள் நாமே.