கண்ணீர் அஞ்சலி: மாதச் சம்பளம்! சுவர் காலண்டரில் ஒரு டார்க் காமெடி ஆர்ட்

திங்கட்கிழமை. ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. எமகண்டம் 10.30 முதல் 12 வரை. அதாவது, ஆபீஸுக்குக் கிளம்பும்போது ராகு, டீம் மீட்டிங்கில் உட்காரும்போது எமன். நான் கட்டிவிட்ட கதை இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்க, எல்லா திங்கட்கிழமைக்கும் இதே நேரம்தான் போட்டிருக்கும்.

எமன் பெயரில் தினமும் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலேயே சிரிக்கும் லட்சுமியையும் நகைக்கடை விளம்பரத்தையும் போட்டுத் தருகிற பொருள் நம்ம காலண்டர். சாவு, கடன், வேலை போயிடுமோ என்கிற பயம் எல்லாவற்றையும் கிண்டலடித்து, காலண்டர் தாளிலேயே வெட்டி ஒட்டுகிற ஆர்ட்டை முதன்முதலில் பார்த்தபோது அதனால்தான் எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

அது என்ன ஆர்ட்?

12 தாள் மாதக் காலண்டர் ஒன்று போதும். தாளின் மேல்பாதியில் இருக்கும் படத்தின் மீது பழைய பத்திரிகைப் படம், பஸ் டிக்கெட், துணி, நூல், தீப்பெட்டி லேபிள், காலி மாத்திரை அட்டை என்று கிடைப்பதை எல்லாம் ஒட்டி, மேலே பெயின்டும் மார்க்கரும் போடுவார்கள். பல பொருள்கள் கலப்பதால் இதற்கு மிக்ஸ்டு மீடியா என்று பெயர். தேதிக் கட்டத்தில் மட்டும் கை வைப்பதில்லை. அடுத்த லீவு எப்போன்னு தெரியணும் இல்லையா?

பேர்தான் புதுசு. மும்பையில் 1894-ல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் சாமி படங்களை வாங்கியவர்கள், அதிலிருக்கும் புடவைக்கு நிஜத் துணியும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்தார்கள். அது பக்தி. இருட்டான பக்கம் ஐரோப்பாவில் இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், பழைய கதைப் புத்தகங்களின் படங்களை வெட்டி ஒட்டி, 1934-ல் ஒரு வாரத்தையே படக் கதையாக வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பொருள் சேறு. கோட்டு போட்ட கனவான்களுக்கு சிங்கத் தலை. ஏழு நாளுக்கு ஏழு புத்தகம் என்பது திட்டம். முதல் நான்கும் எதிர்பார்த்த அளவு போகாததால் வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் ஒரே புத்தகத்தில் அடைத்துவிட்டார்கள். வீக்எண்ட் சுருங்கிப்போன சோகம் அப்போதே இருந்திருக்கிறது!

என் காலண்டரில் என்ன இருக்கு?

ஜனவரியில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பெயர்: மாதச் சம்பளம். தோற்றம்: 1. மறைவு: 5. கீழே, ‘துயரத்தில் வாடும் வீட்டு வாடகை, இஎம்ஐ, கிரெடிட் கார்டு மற்றும் குடும்பத்தார்’. ஏப்ரல், அப்ரைசல் மாதம். அதில் மாலை போட்ட ஆடு. தண்ணி தெளிச்சாச்சு, இனி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பேச்சுக் குமிழில் ‘தேங்க் யூ ஃபார் தி ஃபீட்பேக்’. எங்க டீமில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் ஒரே ஒருவர். யார் என்று சொல்ல மாட்டேன், அடுத்த ஏப்ரலும் வரும்.

நீங்களும் செய்யணுமா?

பெரிய செலவு கிடையாது. ஆனால் முதல் தாளை நான் பாழாக்கினேன், அதனால் சொல்கிறேன். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் வாட்டர் கலர் பிடிக்காது, வழிந்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளை அக்ரிலிக் ஒரு கோட் அடித்துக் காய வைத்தால் எல்லாமே பிடிக்கும். ஃபெவிகாலை அப்படியே அப்பினால் அதில் இருக்கும் ஈரத்தில் தாள் சுருங்கி அலை அலையாக நிற்கும். பேப்பருக்கு க்ளூ ஸ்டிக், துணிக்கும் அட்டைக்கும் மட்டும் ஃபெவிகால். ஒட்டியதும் மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் வைத்து, கனமான புத்தகங்களை ராத்திரி முழுக்க ஏற்றி வையுங்க. பாசி, பட்டன் மாதிரி எடையுள்ளதை நூலால் தைத்துவிடலாம். ஏடிஎம் சீட்டை நேரடியாக ஒட்டாதீங்க, எழுத்து மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க.

காலண்டர் கிடைப்பதும் கஷ்டமில்லை. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை ஆடி 18-லேயே வெளியிட்டுவிடுவார்கள். இந்த வருஷம் உயிரோடு இருக்கும்போதே அதன் வாரிசுக்குப் பெயர் வைப்பது மாதிரி. சாமி படம் போட்டதை மட்டும் விட்டுவிடுங்க. வீட்டில் சண்டை வரும், அதுவும் நியாயமான சண்டை.

எதை ஒட்டக் கூடாது?

தெருச்சுவரில் ஒட்டியிருக்கும் நிஜமான அஞ்சலி போஸ்டரைக் கிழித்து வந்து வெட்டுவது வேண்டாம். அந்த போட்டோவில் இருப்பவர் யாருக்கோ அப்பா. போன வருஷம் ஆகஸ்டில் அப்படி ஒரு போஸ்டரில் என் அப்பா இருந்தார். போட்டோ தேர்வு செய்தது நான். தோற்றம், மறைவு தேதிகளை டைப் செய்து அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நான். அச்சாகி வந்ததில் பிறந்த வருஷம் தப்பு. அப்பா பத்து வயசு குறைந்திருந்தார். திருத்த நேரமில்லை. அன்றைக்கு யாருமே சிரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து சித்தப்பா, “அண்ணன் சாகும்போதுதான் இளமையாப் போனான்”னு சொன்னபோது முதல்ல சிரிச்சது அம்மா.

அந்தச் சிரிப்புதான் என்னை இந்தக் காலண்டர் பக்கம் தள்ளியது. ஆனாலும் டிசம்பரில் உட்கார்ந்து 11 மாதத்தை முடித்தவனால் ஆகஸ்டைத் தொட முடியவில்லை. வெள்ளை பெயின்ட் அடித்ததோடு சரி. அம்மாவுக்கும் இதெல்லாம் பிடிக்கவில்லை. “நடு வீட்டுல சாவை மாட்டி வைப்பியா?”ன்னு ஒரு வாரம் பேசலை.

பொங்கலுக்கு முந்தின ராத்திரி, பீரோ ஒழிக்கும்போது கிடைத்ததை எடுத்துட்டு வந்து என் மேஜையில் வைத்தார். அப்பாவோட பிபி மாத்திரை அட்டை. நான்கு மாத்திரை மீதி.

“இதை ஒட்டு. டாக்டர் தினமும் போடச் சொன்னாரு, இந்த மனுஷன் கேட்டாரா? எல்லாரும் பார்க்கட்டும்.”

ஆகஸ்ட் தாளில் இப்போ அது மட்டும்தான் இருக்கு. எடை தாங்கணும்னு அம்மாவே நாலு மூலையிலும் தைத்துக் கொடுத்தார்.