அப்பா வேணும்னு செய்யலைங்க!

"எனக்கு யாரும் சோறே போடல!"

சாப்பிட்டுக் கை கழுவிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெரியவர் இப்படிச் சொன்னால் மருமகளுக்கு எப்படி இருக்கும்? 'ஊர் என்னைப் பத்தி என்ன நினைக்கும்!' என்று அடுப்படியில் கண்ணைக் கசக்குவாள். மகனோ, "வயசானா அப்படித்தான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நழுவிவிடுவான்!

சின்னசேலமோ சென்னையோ, பல வீடுகளில் நடக்கிற கதைதான். ஆனால், பெரியவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை. அல்சைமர் என்கிற நோயின் வேலை அது.

1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவரைச் சேர்த்தார்கள். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார். கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம் வேறு. 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், நரம்பு செல்கள் மடிந்து, அங்கங்கே கழிவு படிந்திருப்பதைக் கண்டார். ஆக, "மருமக என் வளையலைத் திருடிட்டா" என்று மாமியார் கத்தினால், சண்டை போடாதீர்கள். அது நோயின் பேச்சு!

2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல்!

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நம் எல்லோருக்கும் வருகிற மறதி. கண்ணாடி எதற்கென்றே தெரியாமல் முழித்தால்தான் கவலை. அப்போதும் நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள்கூட இப்படிப் படுத்தும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. எனவே முதலில் டாக்டர். அல்சைமரை முழுசாகக் குணப்படுத்த இன்னும் மருந்தில்லை. சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தலாம்.

மிச்சமெல்லாம் நம் கையில்!

* "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "அப்பா, நான் உங்க பெரிய பொண்ணு வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

* "சோறு போடல" என்றால், "இப்பத்தானே தின்னீங்க" என்று வாதாட வேண்டாம். "இதோ ஆவுது மாமா" என்று ஒரு வாழைப்பழம் கொடுங்கள்.

* மக்காச்சோளம் உதிர்க்க, கீரை ஆய, பூ கட்டக் கொடுங்கள். மூளை மறந்தாலும் பழகிய கை சட்டென்று மறக்காது.

* பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். அவர்கள் தேடுவது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வீடு! சின்னசேலத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. ஊரை ஒட்டி சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையும் ஓடுகிறது. கால் போன போக்கில் போனால் என்னவாகும்?

"வெளியே தெரிஞ்சா கேவலம்" என்று பல குடும்பங்கள் விஷயத்தை மூடி மறைக்கின்றன. அதுதான் தப்பு. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக்கடை, பூக்காரம்மா எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். "எங்கப்பாவுக்கு ஞாபகம் நிக்கல. தனியா பார்த்தா உட்கார வெச்சு ஒரு போன் போடுங்க." சட்டைப் பையில் போன் நம்பர் எழுதித் தைத்துவிடுங்கள். நகரத்து அடுக்குமாடியில் கிடைக்காத காவல், நம்ம ஊர்த் தெருவில் இலவசம்!

கடைசியாக மகன்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்துக்கொள்கிற பெண்ணும் மனுஷிதான். வாரத்தில் ஒருநாளாவது நீங்கள் அப்பாவோடு உட்காருங்கள். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும். ஆலோசனைக்கு அரசின் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. அதற்கும் முன்னால், இன்று சாயந்திரமே டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்!