ஏரிக்கரையில் ஒரு நோட்டுப் புத்தகம்

பறவை பார்க்கும் பிள்ளையால் பயிருக்கும் நன்மை உண்டு

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளுக்குப் பெயர் பெற்றது. பாலாற்றுக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள படாளம், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் கரும்பு விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான ஊர். இங்கிருந்து பிரியும் சாலையில் சுமார் 12 கி.மீ. சென்றால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் வரும். அங்கிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் கரிக்கிலி சரணாலயம் இருக்கிறது. கார்த்திகை பிறந்து ஏரிகள் நிரம்பிவிட்டால் இந்த வட்டாரமே பறவைகளின் ஊராகிவிடும்.

விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்து, "வயலில் வேலை கிடக்கிறது, கொக்கை எண்ணி என்ன ஆகப்போகிறது?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தால், அதனால் குடும்பத்தின் பயிருக்கும் ஊரின் ஏரிக்கும் நன்மை உண்டு.

முதலில் காவல் காத்தவர்கள்

வேடந்தாங்கல் பறவைகளுக்கு முதலில் பாதுகாப்புத் தேடியவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் திரண்டு சென்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ், கூடு கட்டும் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-ல் கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த உரிமை 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரையுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

அக்காலத்து விவசாயிகள் பறவைகளைக் காத்ததற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்த நீர் பாயும் வயலில் பயிர் செழிப்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். கவனித்துப் பார்த்ததால் கிடைத்த அறிவு அது. இன்று நோட்டுடன் கரையில் நிற்கும் பிள்ளை செய்வதும் அதே வேலைதான்.

முதல் நாள்: சொந்த வயல்

பறவை பார்க்கப் பழகும் பிள்ளை, முதலில் சரணாலயத்துக்குப் போக வேண்டியதில்லை. சொந்த வயல் வரப்பில் காலை 6 மணி முதல் 8 மணி வரை நின்றால் போதும். ஏர் அல்லது டிராக்டர் ஓடும்போது பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு, மண்ணிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளையும் புழுக்களையும் பொறுக்கித் தின்னும். மடையான் வாய்க்கால் ஓரத்தில் அசையாமல் நின்று நண்டையும் தவளையையும் பிடிக்கும். கரிச்சான் குருவி கம்பியிலிருந்து பாய்ந்து, பறக்கும் அந்துப்பூச்சியை அப்படியே கவ்விக்கொண்டு போகும். ஓர் அந்துப்பூச்சி குறைந்தால் அது இடும் முட்டைகளும், அவற்றிலிருந்து வரும் புழுக்களும் குறையும்.

எல்லாப் பறவைகளும் விவசாயிக்கு நண்பர்கள் அல்ல என்பதும் அந்த நோட்டில் பதிவாக வேண்டும். நீலத் தாழைக்கோழி நெற்பயிரைக் கடித்து நாசம் செய்யும். கிளியும் சில்லைக் குருவியும் முற்றிய கதிரில் இறங்கும். எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்த வயலில் இறங்குகிறது என்று தெரிந்தால், எப்போது காவல் வேண்டும், எப்போது வேண்டாம் என்று முடிவு செய்யலாம். பெயர் தெரியாமல் எல்லாவற்றையும் விரட்டுவதால் நஷ்டம் விவசாயிக்கே.

இரண்டாம் நாள்: வேடந்தாங்கல்

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 எக்டேர், அதாவது 74 ஏக்கர் பரப்புள்ளது. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை பார்க்க ஏற்ற காலம். காலையில் இரை தேடிப் புறப்படும்போதும், மாலை 4 மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போதும் எண்ணுவது எளிது.

கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவை இங்கு காணப்படும். விவசாயியின் பிள்ளை முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நத்தைக்குத்தி நாரையை. இதன் அலகு இரண்டும் மூடியபிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நெல் வயலிலும் வாய்க்காலிலும் உள்ள நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை உருவித் தின்பதற்கு ஏற்ற அலகு அது. குஞ்சுகளுக்கும் நத்தையே முக்கிய உணவு. ஆகவே ஏரியில் மரங்கள் இருந்தால் மட்டும் போதாது. சுற்றியுள்ள ஊர்களின் வயல்களில் நத்தையும் மீனும் தவளையும் உயிரோடு இருந்தால்தான் கூட்டில் குஞ்சு பிழைக்கும். கூடு வேடந்தாங்கலில் இருந்தாலும், அதற்கான உணவுக் களஞ்சியம் பல கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள சிறு விவசாயிகளின் நிலங்களில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள்: கரிக்கிலி

இங்கு வரும் பறவைகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து கூடு கட்டுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரை, கொக்கு, கூழைக்கடா முதலியவை நம் நாட்டிலேயே வாழ்பவை. வெளிநாட்டு விருந்தாளிகளைப் பார்க்கக் கரிக்கிலிக்குப் போவது நல்லது. ஆழம் குறைந்த அந்த ஏரிகளில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கோடையில் குஞ்சு பொரிக்கும் இவை, அங்கு பனி மூடும்போது தெற்கே வருகின்றன. இங்கு உணவும் ஓய்வும் பெற்று மீண்டும் வடக்கே திரும்பிவிடும். இங்கு கூடு கட்டுவதில்லை.

வசதி கிடைத்தால் இன்னொரு நாள் கோவளம், முட்டுக்காடு உப்பங்கழிப் பக்கம் போகலாம். பூநாரைகளையும், சேற்றைக் குத்தி இரை தேடும் உள்ளான்களையும் அங்கு காணலாம். ஏரிப் பறவைக்கும் கழிமுகப் பறவைக்கும் காலிலும் அலகிலும் உள்ள வேற்றுமையைப் படம் வரைந்து வைத்தால் மறக்காது.

நோட்டில் எழுத வேண்டியவை

தேதி, நேரம், இடம், ஏரியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, முந்திய நாள் மழை உண்டா, பறவையின் பெயர், எண்ணிக்கை, அது என்ன செய்தது. இவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகு, கால், அளவு ஆகியவற்றை எழுதினால் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 10 பறவைகளை எண்ணி, அந்தக் கூட்டம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அது போல எத்தனை பங்கு இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பழகிய கண் போதும்.

பறவை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற சலீம் அலியும் சிறுவயதில் ஒரு சந்தேகத்திலிருந்துதான் தொடங்கினார். 1908-ல், தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, அது என்ன வகை என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கு வால்டர் மில்லர்டு காட்டிய பறவைச் சேகரிப்பு அவர் வாழ்க்கையையே மாற்றியது. தமிழ்நாட்டில் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) வேடந்தாங்கலைக் கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர்.

இன்று பிள்ளைகளின் குறிப்புகள் வீட்டோடு முடங்க வேண்டியதில்லை. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எந்த ஊரில் இருப்பவரும் குறைந்தது 15 நிமிடம் பறவைகளைக் கவனித்து, இ-பேர்ட் என்ற இணையப் பதிவில் சேர்க்கலாம். சிறு கிராமத்து ஏரியும் அதனால் கணக்கில் வரும்.

தண்ணீரும் மருந்தும்

ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் கூடு கட்டாமல் போய்விடும். கூடு கட்டிய பிறகு தண்ணீர் சீக்கிரம் வடிந்தாலும் ஆபத்து. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதே குஞ்சுகளுக்கு வேலி. நீர் வற்றினால் நாயும் மற்ற விலங்குகளும் மரத்தடிக்கு வந்துவிடும். விவசாயிக்கோ தை, மாசி மாதங்களில் பாசனத்துக்கு நீர் தேவை. இந்த இரண்டையும் சமாளிக்க வழி உண்டு. நெல்லுக்கு எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், நனைத்தும் காயவிட்டும் பாய்ச்சும் முறையைக் கடைப்பிடிக்கலாம். இரண்டாம் போகத்துக்கு உளுந்து, எள் போன்ற குறைந்த நீர்ப் பயிர்களை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் நோட்டில் வாரந்தோறும் குறித்த நீர்மட்டக் கணக்கு இருந்தால், ஏரிப் பாசன விவசாயிகள் கூடிப் பேசும்போது உத்தேசமாகப் பேச வேண்டியதில்லை.

அடுத்தது பூச்சி மருந்து. குருணை மருந்து தின்ற பூச்சியையும் நத்தையையும் பறவை தின்றால் அதற்கும் விஷம் ஏறும். மிகக் கொடிய நஞ்சான போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு எங்காவது கிடந்தாலும் உபயோகிக்கக் கூடாது. மருந்துக்கு முன் பறவைக்கு வேலை கொடுத்துப் பார்க்கலாம். எக்டேருக்கு 40 முதல் 50 வரை 'டி' வடிவத்தில் குச்சிகளை நட்டு வைத்தால் பகலில் கரிச்சான் வந்து உட்கார்ந்து புழு பிடிக்கும். இரவில் ஆந்தையும் கூகையும் உட்கார்ந்து எலி பிடிக்கும். காய்ந்த பனைமட்டையையும் இதற்குப் பயன்படுத்தலாம். கதிர் முற்றும் தருணத்தில் இக்குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு அவையே ஆசனமாகிவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு

சிறு பிள்ளைகளை ஏரிக்குத் தனியே அனுப்பக் கூடாது. கரையை விட்டு நீரில் இறங்கக் கூடாது. கூட்டுக்கு அருகில் போவது, கல்லெறிவது, கைதட்டிக் கிளப்புவது கூடாது. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் வெயிலில் முட்டை கெடும். காகம் குஞ்சைத் தூக்கிவிடும். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறை ஊழியரிடம் சொல்ல வேண்டும். கண்ணி வைத்துக் கொக்கும் வாத்தும் பிடிப்பதும், அந்த இறைச்சியை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் தைரியமும் பறவை பார்க்கும் பிள்ளைக்கு வந்துவிடும்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிப் பறவைகள் மிரளாமல் இருப்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். நெல்லைச் சீமையில் கூந்தன்குளம் மக்கள் தங்கள் வீட்டு மரங்களிலேயே பறவைகளுக்கு இடம் தருகிறார்கள். படாளம் சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடம் அவ்வளவு பெரிய தியாகம் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. தடை செய்த மருந்தைத் தொடாமல், ஏரி நீரை அளந்து செலவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளையை வரப்பில் நிற்க அனுமதித்தால் போதும். இரண்டு பருவம் தொடர்ந்து எழுதிய நோட்டு வீட்டில் இருந்தால், அடுத்த பருவத்தில் எந்த வயலுக்கு எப்போது மருந்து வேண்டாம் என்று முடிவு செய்ய அது கை கொடுக்கும்.